கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும்போது குடலைக் காப்பாற்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

4 ஆகஸ்ட் 2024, காலை 7.10 (கேள்வி)

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். 25 நாள் கரண்ட், வாரம் ஒரு கீமோ, அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். 12ஆம் தேதி ஆரம்பம். கரண்ட் வைத்தால் குடல் வெந்துவிடும், ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டால் தப்பிக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு டப்பா கொடுத்தார். ஒரு மாதத்துக்கு 2,400 ரூபாய். வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம், மஞ்சள் சத்து எல்லாம் இருக்கிறது. கொடுக்கலாமா? சென்னை மூலக்கடைப் பக்கம் இருக்கிறோம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், காலை 9.40 (பதில்)

டப்பாவைப் பிரிக்காதீர்கள் தம்பி. பிரித்திருந்தாலும் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய் கரண்ட் கொடுக்கும் டாக்டர் மேசை மேல் வையுங்கள். கடையில் கூட்டமாக இருக்கிறது, இரவு எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட், இரவு 10.35

நான் 14 வருடமாக மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி டப்பாக்களை என் கையால் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 2022இல் என் அம்மாவுக்கும் இதே நோய் வந்தது, இதே 25 கரண்ட். அம்மா விடிகாலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, கொருக்குப்பேட்டையில் தெருத்தெருவாக மீன் விற்றவர். அன்னக்கூடையை இறக்கி வைத்து ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரை அந்த மிஷினுக்கு அடியில் படுக்க வைக்கப் போகிறார்கள் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கடையிலிருந்து ஒரு டப்பா எடுத்து வந்து காலையும் இரவும் நானே கொடுத்தேன். சத்து மாத்திரைதானே என்று டாக்டரிடம் சொல்லவில்லை.

பதினோராவது நாள் நர்ஸ் ஒருவர், "வேற இன்னா மாத்திரை போடறம்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டிவிட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இது குடலைக் காப்பாத்துதுன்னே வெச்சுக்குவோம். பக்கத்துல இருக்கற கட்டியையும் சேர்த்துக் காப்பாத்தாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். டாக்டர் சொல்வதற்கு மேலே என் சொல்லை வைக்க வேண்டாம்.

5 ஆகஸ்ட், மதியம் 1.20

"அப்போ கொய்யாப்பழமும் நெல்லிக்காயும்கூட ஆன்டிஆக்ஸிடன்ட்தானே, அதையும் நிறுத்தணுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். சாப்பாட்டில் வருவது சாப்பாட்டு அளவு. ஒரு பழம், ஒரு குழம்பில் போடும் மஞ்சள், இதற்கெல்லாம் யாரும் தடை சொல்லவில்லை. ஒரே மாத்திரையில் பல நாள் அளவைத் திணித்துக் கொடுப்பது வேறு சங்கதி. கொய்யாவை விதை எடுத்துக் கொடுங்கள், அதுவும் வயிறு கெடாமல் இருக்கும்வரை.

7 ஆகஸ்ட், இரவு 11.05

இன்று நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

கரண்ட் என்று நாம் சொல்வது எக்ஸ்ரே அல்லது காமா கதிர். அது உடம்புக்குள் பாயும்போது செல்லின் டிஎன்ஏவை நேராக அடிப்பது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு சுற்றி வளைத்து நடக்கிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைக் கதிர் உடைக்கிறது, அதில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற ஒன்று பிறக்கிறது, அது போய் டிஎன்ஏவைக் கடிக்கிறது. அதைப் பிடித்து அடக்குவதுதான் ஆன்டிஆக்ஸிடன்டின் வேலை என்கிறார்கள். சொல்லக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி சாவதும் அதே கடியில்தான்.

இன்னொன்று. அந்த ரேடிக்கலின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு. பிறந்த இடத்திலேயே கடித்துவிட்டு முடிந்துபோகும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கதிர் படுகிற அந்தக் கணத்தில் மருந்து செல்லுக்குள், டிஎன்ஏ பக்கத்திலேயே, நிறைய இருக்க வேண்டும். காலையில் இட்லியோடு விழுங்கியது மதியம் மூன்று மணிக்கு, மிஷின் ஓடும்போது, எங்கே எவ்வளவு இருக்கும் என்று எந்த டப்பாவிலும் எழுதவில்லை.

குடல் ஏன் முதலில் அடி வாங்குகிறது? குடலின் உள்தோல் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை புதிதாக வளர்கிறது. அதை வளர்க்கும் தாய்செல்கள் சின்னச் சின்னக் குழிகளுக்குள் உட்கார்ந்து ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. ஓயாமல் பிரியும் செல்லைத்தான் கதிர் சுலபமாகச் சாய்க்கும். பழைய தோல் உதிர்கிறது, புதுத் தோல் வரத் தாமதமாகிறது. அதனால்தான் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பேதி ஆரம்பிக்கும். முதல் வாரம் நன்றாக இருப்பதைப் பார்த்து "மாத்திரை வேலை செய்யுது" என்று நானும் நம்பினேன். மாத்திரை இல்லாமலும் அந்த வாரம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது ஆராய்ச்சி. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்த 540 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ 400 ஐ.யு.வும் பீட்டா கரோட்டின் 30 மி.கி.யும் (இதை இடையில் நிறுத்திவிட்டார்கள்), மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. வைட்டமின் போட்டவர்களுக்குக் கரண்டின் கடுமையான பக்கவிளைவு குறைந்தது. அதுவரை படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில், அதே ஆட்களுக்கு நோய் அதே இடத்தில் திரும்ப வருவது கூடுதலாகத் தெரிந்தது என்று இருந்தது. பிறகு தொடர்ந்து பார்த்தபோது வைட்டமின் குழுவில் இறப்பும் அதிகம். கரண்ட் நடக்கும்போதும் புகை பிடித்தவர்களிடம்தான் கெடுதல் தெரிந்தது என்று பின்னால் பிரித்துச் சொன்னார்கள். உங்கள் அம்மா புகை பிடிக்கமாட்டார், தெரியும். புகையிலை போடுவாரா? என் அம்மா வெற்றிலையோடு போடுவார். அது இதில் சேருமா என்று யாரிடமும் பதில் இல்லாதபோது, என் அம்மாவை வைத்துச் சோதிக்க எனக்கு மனசு வரவில்லை.

பீட்டா கரோட்டினுக்கு இன்னொரு கதையும் உண்டு. ஃபின்லாந்தில் 29,133 புகை பிடிக்கும் ஆண்களுக்கு நுரையீரல் புற்று வராமல் தடுக்கலாம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வந்த முடிவு: புற்று 18 சதவீதம் கூடியது.

ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்கூடக் கரண்டிலிருந்து காப்பாற்றும் என்று நிரூபணம் ஆகவில்லை.

8 ஆகஸ்ட், காலை 6.15

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. ராத்திரி படுத்த பிறகு ஞாபகம் வந்தது. ஒன்று இருக்கிறது: அமிஃபோஸ்டின். அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்தில், அணுகுண்டு போட்டால் சிப்பாய்களைக் காப்பாற்ற என்று தேடிக் கண்டுபிடித்தது. அங்கே அதன் பெயர் டபிள்யூஆர்-2721.

ஒரு நுணுக்கம் அதில் இருக்கிறது. உடம்புக்குள் போகும்போது அது செயல்படாத மருந்து. ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி வெட்டிய பிறகுதான் ரேடிக்கலைப் பிடிக்கும். அந்த நொதி நல்ல திசுவில் நிறைய, கட்டியில் குறைவு. அதாவது டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்திலேயே அந்த மருந்து அமைந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1995இல் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தால் கிட்னி கெடாமல் இருக்க அனுமதி, 1999இல் கழுத்துக் கரண்டால் வாய் வறண்டுபோகாமல் இருக்க அனுமதி. குடலுக்கு இல்லை. கரண்டுக்குக் கால் மணி, அரை மணி முன்னால் நரம்பில் ஏற்ற வேண்டும். பிரஷர் இறங்கும், வாந்தி வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆள் பக்கத்தில் இருந்து கொடுக்கும் மருந்து. கடையில் டப்பாவாக வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் "ஒன்றுகூட இல்லை" என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

11 ஆகஸ்ட், இரவு 9.50

நாளைக்கு ஆரம்பம். மாத்திரைப் பேச்சை விடுங்கள், தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்து வையுங்கள்.

கர்ப்பப்பைக்குக் கரண்ட் வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருந்தால் அது சிறுகுடலை மேலே தள்ளிவிடும். குடல் கதிரின் வழியில் அவ்வளவாகக் கிடக்காது. எங்களுக்குச் சொன்னது: ஒருமுறை மூத்திரம் போய்விட்டு வந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் இடத்தில் அளவு மாறலாம், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தினமும் அதே அளவு என்பது முக்கியம். சிமுலேஷன் சிடி (திட்டம் போடுவதற்கான ஸ்கேன்) எடுத்த அன்று மூத்திரப்பை எவ்வளவு இருந்ததோ அதை வைத்துத்தான் திட்டம் போட்டிருப்பார்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டாவது நாள் வீட்டிலேயே அம்மாவைத் தண்ணீர் குடிக்க வைத்து ஆட்டோ ஏற்றினேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். ஒரு கூட்ஸ் போனது, திறக்கவில்லை. இன்னொரு கூட்ஸ். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நகம் பதிந்தது. கேட் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். முன்பின் தெரியாத ஒரு அக்கா உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அன்று கரண்டுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் தண்ணீர். பாட்டிலில் அரை லிட்டர் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தேன், கண்ணாடி இல்லாமலே அம்மாவுக்குத் தெரியும்படி.

12 ஆகஸ்ட், மாலை 5.30

முதல் நாள் நன்றாகப் போனது என்று போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். டப்பாவைப் பார்த்த டாக்டரும் இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னாராம். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

25 ஆகஸ்ட், இரவு 8.40

நாலு தடவை பேதி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது எதிர்பார்த்ததுதான், இரண்டு வாரம் முடிந்துவிட்டதே. பயப்பட வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். நாளைக் காலையில் போனவுடன் முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும். என் அம்மா ஆறேழு தடவை போனதை மூன்று நாள் என்னிடமே சொல்லவில்லை. மகனிடம் எப்படிச் சொல்வது என்ற வெட்கம். கொடியில் காலையும் மாலையும் புடவை காய்வதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஒரு பெண் இருந்தால் அவரை விட்டுக் கேளுங்கள்: எத்தனை தடவை, தண்ணியாகவா, ரத்தம் இருக்கிறதா, ராத்திரி எழுப்புகிறதா.

சிஸ்பிளாட்டின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மருந்து கிட்னியைத் தொடும். உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் அது ஏறினால் கெடுதல். பேதியை நிறுத்தும் லோபரமைட் மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் மட்டும். காய்ச்சல் இருந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ அதைப் போட்டு அடைக்கப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

26 ஆகஸ்ட், காலை 7.00

ஓஆர்எஸ் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முழுப் பொட்டலத்தையும் ஒரேயடியாகக் கரையுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் உப்பும் குளுக்கோஸும் சமமாக வராது. டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்குகிறார்கள், என் கடையிலேயே தினமும் பார்க்கிறேன். அதிக சர்க்கரை பேதியைக் கூட்டும். பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

1 செப்டம்பர், மாலை 4.15

சாப்பாடு. நாங்கள் அப்போது கீரை, காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியும் ரசம் சாதமுமாக ஒரு மாதம் ஓட்டினோம். அதைத்தான் இங்கே எல்லோருக்கும் சொல்லி வந்தேன். அது முழுக்கச் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. இங்கிலாந்தில் இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைத்த 166 பேரிடம் நார்ச்சத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தார்கள், முடிவு 2017இல் வந்தது. நார் அதிகம் சாப்பிட்ட குழுவுக்குத்தான் குடல் தொந்தரவு குறைவு. அம்மாவுக்கு வேகவைத்த கேரட்டும் பீர்க்கங்காயும் கொடுத்திருக்கலாம். நிறையத் தண்ணியாகப் போகிற நாளில் பச்சைக் காயும் கீரையும் வேண்டாம். நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், அங்கே டயட்டீஷியன் இருந்தால் அவரைக் கேட்டு.

பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அடிபட்ட குடல்தோலில் பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். தயிர், மோர் பரவாயில்லை. நல்ல பாக்டீரியா கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி உண்டு. இத்தாலியில் 490 பேர், பேதி வந்தவர்கள் 51.8 சதவீதத்துக்குப் பதில் 31.6. ஆனால் அது பாக்டீரியா எண்ணிக்கை தெரிந்த மருந்துப் பொடி. வீட்டுத் தயிர் அதற்கு ஈடு என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளணு குறைந்திருக்கும்போது அந்தப் பொடியும் டாக்டர் அனுமதியோடுதான். பழைய சோறு கேட்டு என் அம்மா அடம் பிடித்தார், நர்ஸ் அந்த வாரம் வேண்டாம் என்றுவிட்டார். சுடச்சுட வடித்த கஞ்சியில் மோர் ஊற்றி, தொட்டுக்கொள்ள முள் எடுத்த சங்கரா. கருவாட்டைக் கண்ணில் காட்டவில்லை. அதற்குத்தான் அம்மா கண் கலங்கினார், கரண்டுக்கு இல்லை.

குளூட்டமின் (ஒரு அமினோ அமிலம்) பொடி பற்றிக் கேட்டவருக்கு: 129 பேரிடம் பார்த்தார்கள், 2003இல் முடிவு, பேதி குறையவில்லை. காசை இளநீருக்குச் செலவழியுங்கள்.

8 செப்டம்பர், இரவு 10.10

செலினியத்தை நான் மற்றவற்றோடு ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன். பிரித்துச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கர்ப்பப்பைப் புற்றுக்குக் கரண்ட் வைத்த 81 பெண்களிடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் முதலில் ரத்தப் பரிசோதனை, செலினியம் குறைவாக இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். கரண்ட் நாளில் 500 மைக்ரோகிராம், மற்ற நாளில் 300. கொஞ்சம் கடுமையான பேதி, கொடுக்காதவர்களில் 44.5 சதவீதம், கொடுத்தவர்களில் 20.5. பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை.

அப்போ கொடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்களுக்கு ரத்தத்தில் குறை இருந்தது, அளந்து கொடுத்தார்கள், 81 பேர் என்பது சின்னக் கூட்டம். குறை இல்லாதவருக்கு அந்த அளவு தொடர்ந்து போனால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். "என் ரத்தத்தில் செலினியம் பார்க்க முடியுமா" என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பார்க்காமல் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவதற்கு நான் இப்போதும் சம்மதிக்கமாட்டேன்.

15 செப்டம்பர், காலை 11.30

ஞாயிறு, கடை அரை நாள். மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

குடலைக் காப்பாற்றியதாக நம் நாட்டிலேயே தெளிவாகக் காட்டியது எந்த மாத்திரையும் இல்லை, கரண்ட் வைக்கும் முறைதான். மும்பை டாடா மெமோரியலில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட் தேவைப்பட்ட 300 பெண்களிடம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான முப்பரிமாண முறை. மீதிப் பேருக்கு ஐஎம்ஆர்டி, தினமும் படம் எடுத்துப் பார்த்துக் குடலை ஒதுக்கிக் கொடுக்கும் முறை. மூன்று வருடத்தில் தொந்தரவு தரும் குடல் பாதிப்பு 42 சதவீதத்திலிருந்து 21ஆகக் குறைந்தது. புற்று திரும்புவது கூடவில்லை. 2021இல் வந்த முடிவு. உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் இல்லை, அதனால் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் கரண்ட் ஆரம்பிக்கும் முன் "எந்த முறையில் வைக்கிறீர்கள், குடலுக்கு எவ்வளவு போகும்" என்று கேட்கலாம். அம்மாவுக்கு நான் அதைக் கேட்கவில்லை. மாத்திரை வாங்க ஓடிய நேரத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

முடிந்த பிறகு வருவதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 14 மாதம் கழித்து அம்மாவுக்கு மலத்தில் ரத்தம். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்து ராத்திரி முழுக்க இரண்டு பேரும் தூங்கவில்லை. கேமரா விட்டுப் பார்த்தார்கள். நோய் இல்லை, மலக்குடலின் உள்தோலில் கரண்டால் வந்த காயம், சின்னச் சின்ன ரத்தக்குழாய் கசிகிறது. சுக்ரால்ஃபேட் என்ற அல்சர் மருந்தைக் கரைத்து ஆசனவாய் வழியாகக் கொடுத்தார்கள், சில வாரத்தில் அடங்கியது. இதே சுக்ரால்ஃபேட்டைக் கரண்ட் நடக்கும்போது வாய்வழியாகக் கொடுத்தால் தொந்தரவு கூடத்தான் செய்யும் என்று வழிகாட்டுதல்களே தடுக்கின்றன. ஒரே மருந்து, நேரமும் வழியும் மாறினால் வேறு மாதிரி.

வைட்டமின் ஈயும் அப்படித்தான். கரண்ட் முடிந்து மாதக்கணக்கான பிறகு திசு இறுகிப்போவதற்கு பென்டாக்ஸிஃபிலின் என்ற ரத்த ஓட்ட மருந்தோடு சேர்த்து ஃபிரான்சில் கொடுத்துப் பார்த்து, மார்புத் தோலில் பலன் கண்டார்கள், 24 பெண்கள், 2003. அப்போது காப்பாற்றப்பட வேண்டிய கட்டி என்று ஒன்று அங்கே இல்லை. ஆகவே "ஆன்டிஆக்ஸிடன்ட் கெட்டது" என்று நான் சொன்னதாக யாரும் கொண்டுபோக வேண்டாம். கரண்ட் நடக்கும் அந்த ஐந்தாறு வாரத்துக்கு, யாருக்கும் சொல்லாமல் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

18 செப்டம்பர், இரவு 9.20

25 முடிந்தது என்று பார்த்தேன். என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உள்ள வெக்கறது இன்னும் கீதே, அந்தப் பொண்ணுக்கு தெம்பு வர்ற மாதிரி எதனா குடுக்கச் சொல்லு" என்றார். உங்கள் அம்மா அவருக்குப் பெண் ஆகிவிட்டார்.

உள்கரண்டுக்கு மூத்திரப்பையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே தனியாகச் சொல்வார்கள், இந்த அரை லிட்டர் கணக்கை அதற்குக் கொண்டுபோகாதீர்கள்.

19 செப்டம்பர், காலை 8.05

மேலே புதிதாக ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அக்காவுக்குத் திங்கட்கிழமை ஆரம்பமாம், வியாசர்பாடியாம், அவர் கையிலும் ஒரு டப்பா இருக்கிறதாம். முதலில் 4ஆம் தேதி காலை எழுதியதைச் செய்யுங்கள் தங்கச்சி. சிவப்புக் கோடு போட்ட பாட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வேண்டுமென்றால் சொல்லுங்கள், கடைக்கு எடுத்து வந்து வைக்கிறேன்.